விழத் தெரிந்தவள்

பிப்ரவரி 3

சின்னவளே,

என் நம்பரை நீ போனில் தடுத்து வைத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். செய்துகொள். தபால்காரரை என்ன செய்கிறாய் என்று பார்க்கிறேன். உன் முகவரியைக் கேட்டதற்கு, "சண்டை போடத்தானே கேக்குற?" என்றாள் அம்மா. "இல்லம்மா, வேலை விஷயம்" என்றேன். பொய் இல்லை, வேலை விஷயம்தான்.

ஜூடோ பயிற்சி முகாமுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் ராத்திரியே கட்டில் பலகை உடைந்துவிட்டது. விடுதிக் காப்பாளர் வந்தார், கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெத்தையை இழுத்துத் தரையில் போட்டுவிட்டுப் போனார். பக்கத்து அறையில் நாற்பத்தெட்டு கிலோ, ஐம்பத்திரண்டு கிலோ என்று குட்டிகள். எடை பார்க்கும் நாள் நெருங்கினால் ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள், தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்புகிறார்கள். நான் அவர்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒருத்தி அழுதேவிடுகிறாள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. எழுபத்தெட்டு கிலோவுக்கு மேலே எவ்வளவு போனாலும் நம்மை யாரும் கேட்கப்போவதில்லை. அதற்குப் பதிலாகத்தான் நம்மோடு பயிற்சி செய்ய ஒரு ஜீவனும் கிடைப்பதில்லை.

மாஸ்டர் எனக்காக ஒரு மல்யுத்தக்காரரைப் பிடித்து வந்திருக்கிறார். நூற்றிருபது கிலோ ஆண்பிள்ளை. என்னைத் தொடுவதற்கு முன்னால் ஒரு முறை, தொட்ட பிறகு ஒரு முறை "ஸாரி சிஸ்டர்" என்கிறார். அவருக்கு ஸாரி அண்ணன் என்றே பெயர் வைத்துவிட்டேன். தங்கமான மனுஷன். ஆனால் விழத் தெரியவில்லை. மல்யுத்தத்தில் முதுகு தரையில் படக்கூடாது அல்லவா, அதனால் எறிந்தால் காற்றிலேயே முறுக்கிக்கொள்கிறார். என் கழுத்தையோ காலையோ பிடித்துக்கொண்டு மரம் மாதிரி சாய்கிறார். ஒவ்வொரு முறையும் என் வலது மூட்டுக்குப் பக்கத்தில்தான் வந்து விழுகிறார். எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது.

நீ பதினைந்து வயதிலிருந்து எனக்காக விழுந்தவள். ஒரு நாளைக்கு எத்தனை முறை விழுவாய் என்று யாரும் எண்ணியதில்லை. மேட் விரிப்பில் ஓங்கிக் கையை அறைந்து, உருண்டு எழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு "ம், அடுத்து" என்பாய். அது எவ்வளவு பெரிய வித்தை என்று இப்போதுதான் புரிகிறது.

உலகப் போட்டி ஜூன் கடைசியில். எனக்கு முப்பத்து நான்கு ஆகிறது, இனி ஒன்று கிடையாது. மூன்று தடவை போய் மூன்று தடவையும் முதல் சுற்றிலேயே பெட்டியைக் கட்டியவள் நான். பதக்கம் எல்லாம் கேட்கவில்லை. ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டு இந்த உடையைக் கழற்ற வேண்டும். அதற்கு விழத் தெரிந்த ஆள் வேண்டும். நீ வர வேண்டும்.

நவம்பரைப் பற்றி நீ என்ன நினைக்கிறாயோ நினைத்துக்கொள். நான் தட்டவில்லை.

பெரியவள்


பிப்ரவரி 12

அக்கா,

கடிதம் கிடைத்தது. வர முடியாது.

எனக்கு இங்கே வேலை இருக்கிறது. முதியோர் இல்லத்தில் படுத்தவர்களைத் தூக்கி உட்காரவைக்க வேண்டும், உட்கார்ந்தவர்களைத் தூக்கிப் படுக்கவைக்க வேண்டும். என்னைத் "தூக்குற பொண்ணு" என்கிறார்கள். மற்ற இரண்டு பேர் சேர்ந்து செய்வதை நான் தனியாகச் செய்கிறேன் என்பதால் மேற்பார்வையாளருக்கு என்னைப் பிடிக்கும். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு முறை சக்கர நாற்காலியில் உட்காரவைத்ததும் "ரைட், போலாம்" என்பார். அவரைத் தவிர இங்கே எனக்குப் பேச்சுத் துணை இல்லை. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பரை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டாய். என்னால் முடியவில்லை.

தேர்வின் கடைசி ஆட்டம். காலையிலிருந்து காத்திருந்து, எல்லா எடையும் முடிந்து, கடைசியாக நம் முறை. பாதிக் கூட்டம் வீட்டுக்குப் போய்விட்டது. இரண்டு பேரும் ஒரே மாஸ்டரின் பிள்ளைகள் என்பதால் அவர் இரண்டு பக்கமும் உட்காராமல் வெளியே போய்விட்டார். இரண்டு காலி நாற்காலிக்கு நடுவில் நீயும் நானும். உன்னை மல்லாத்தி அமுக்கிவிட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, நீயாக விட்டுக்கொடுக்காமல், நானே. பத்து வினாடி ஆனதும் பலகையில் எனக்கு அரைப் புள்ளி எழுந்தது. இருபது வரை வைத்திருந்தால் ஆட்டம் முடிந்தது, நான் போயிருப்பேன். அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், வாசலில் டிக்கெட் கிழித்தவருக்கும் தெரியும்.

அப்போதுதான் என் முதுகில் தட்டினாய். ஒரே ஒரு தட்டு. அடங்கிப்போகிறவர்கள் பட்பட் என்று தட்டுவார்களே, அது இல்லை. நம் வீட்டுத் தட்டு. "மூட்டு வலிக்குதுடி, விடு" என்று அர்த்தம். நீ அப்படித் தட்டி நான் விடாமல் இருந்தது உண்டா? விட்டேன். எழுந்து நின்றதும் "மூட்டா?" என்று கேட்டேன். கேட்ட வாய் மூடுவதற்குள் மல்லாந்து மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவர் உனக்குக் கையைத் தூக்கிவிட்டார்.

சொந்த அக்காவுக்கு மூட்டு வலிக்கிறதா என்று கேட்டவளைத் தூக்கி எறிந்தாய்.

தட்டினேன் என்று ஒரு வரி எழுது. சங்கத்துக்கு வேண்டாம், மாஸ்டருக்கு வேண்டாம், அம்மாவுக்குக்கூட வேண்டாம். எனக்கு மட்டும் எழுது. அடுத்த பஸ்ஸில் ஏறுகிறேன். ஜூன் வரைக்கும் நீ போதும் என்கிற வரைக்கும் விழுகிறேன்.

அந்த ஒரு வரி இல்லாமல் வேறெதுவும் எழுதாதே.

சின்னவள்


பிப்ரவரி 20

ஏண்டி,

எனக்கே நிபந்தனையா? நன்றாக இருக்கிறது.

தட்டவில்லை. இன்னும் எத்தனை முறை சொல்ல வேண்டும்? அம்மா தலைமேல் கை வைத்துச் சொல்லட்டுமா? அம்மா தலையைக் கொடுக்க மாட்டாள். "உங்க ரெண்டு பேர் சண்டையில என் தல எதுக்கு உருளணும்?" என்பாள்.

நீ "மூட்டா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. உன்னை எறிந்து முடித்த பிறகுதான் விழுந்தது. நடுவர் "ஆரம்பி" என்றார், உன் வலது கால் முன்னால் இருந்தது, என் உடம்பு போய்விட்டது. அந்தக் கால் முன்னால் இருந்தால் எறி என்று இருபது வருஷமாக இந்த உடம்புக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கு அக்கா தங்கச்சி எல்லாம் தெரியாது. அதற்காக வேண்டுமானால் உன் காலில் விழுகிறேன். தட்டியதற்காக விழ மாட்டேன், ஏனென்றால் தட்டவில்லை.

ஏன் விட்டாய் என்று என்னைக் கேட்காதே.

நேற்று ஸாரி அண்ணன் என் தோளில் பல் படும்படி விழுந்தார். இரண்டு பேருக்கும் ரத்தம். அவர் ஸாரி சொன்ன வேகத்தில் மாஸ்டரே சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. எனக்குச் சலிப்பாக இருக்கிறது. காலையில் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறேன், நண்டு மாதிரி. அந்தக் குட்டிகள் "அக்கா, முன்ன போங்க" என்று வழிவிட்டு நிற்கிறார்கள். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை.

வா. சண்டையை இங்கே வந்து போடு.

பெரியவள்


மார்ச் 2

அக்கா,

அந்த வரி இல்லை. இருந்தாலும் பதில் எழுதுகிறேன், என் புத்தி அப்படி.

வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது இருவர் உட்காரும் சீட்டில் உட்கார்ந்தால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். நின்றுகொண்டே வருவார்கள். இன்றைக்கு ஒரு அம்மாள் மட்டும் ஓரமாக உட்கார்ந்து, "நீ டிவியில வந்த பொண்ணுதானே?" என்றார். "அது எங்க அக்கா" என்றேன். பன்னிரண்டு வருஷமாக இதே பதில்தான். நீ எறிகிற படம் பேப்பரில் வரும். அதில் காற்றில் தலைகீழாக இருப்பவள் யார் என்று போட மாட்டார்கள்.

எனக்கு அதில் வருத்தமே இருந்ததில்லை, நம்பு. நவம்பரில் ஒரே ஒரு தடவை என் முறை வந்தது. அதையும் நான் உன்னிடம் கேட்டு வாங்கவில்லை, அமுக்கி வாங்கினேன். அதைத்தான் நீ ஒரு தட்டில் திருப்பி வாங்கிக்கொண்டாய்.

இருபத்தேழு வயதில் எனக்கு உடம்பெல்லாம் அலுப்பு. ஒரு வரி. அவ்வளவுதான் கேட்கிறேன்.

சின்னவள்


மார்ச் 19

சின்னவளே,

இன்றைக்கு மூட்டிலிருந்து நீர் எடுத்தார்கள். ஊசியைப் பார்த்த ஸாரி அண்ணன் மயக்கம் போட்டு விழுந்தார். அதுகூட முறையாக விழவில்லை.

டாக்டர், "இந்த மூட்ட வச்சுக்கிட்டு எப்படி நடக்கறீங்க?" என்று கேட்டார். "நடக்கறதில்ல டாக்டர், எறியறேன்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒரு தடவை யாராவது தப்பாக மேலே விழுந்தால் முடிந்தது என்கிறார். மாஸ்டர் வெளியே நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை.

சரி. தட்டினேன். நவம்பரில் உன் அடியில் கிடந்தபோது, தெரிந்தே, உன் முதுகில் தட்டினேன். போதுமா? கேட்ட வரியை எழுதிவிட்டேன். இப்போது வா.

பெரியவள்


மார்ச் 30

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றைக்குப் பையைக் கட்டிவிட்டேன். மேற்பார்வையாளரிடம் லீவும் சொல்லிவிட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று துள்ளியிருக்க வேண்டும். துள்ளவில்லை. உன் வாயால் வர வேண்டும் என்று நான் தவமிருந்த வரி அது. படித்தால் உன் குரலே அதில் இல்லை. நீ ஒன்றைச் செய்தால் அதற்கு மூன்று நியாயம் சொல்கிறவள். நியாயமே சொல்லாமல் ஒப்புக்கொண்டால் எப்படி நம்புவது?

அம்மா மாடி வரிசையிலிருந்து போனில் எடுத்த வீடியோ இருக்கிறது, உனக்குத் தெரியுமே. பாதி படத்தில் அவள் கட்டைவிரல்தான். நடுவில், "ஐயோ, யாருக்குன்னு வேண்டறது?" என்று அவள் குரல் கேட்கும். நவம்பரிலிருந்து அதை நான் பார்க்கவே இல்லை. பார்க்க எதற்கு, எனக்குத்தான் தெரியுமே என்று இருந்தேன். அன்றைக்குப் பார்த்தேன்.

உன் இடது கை என் அக்குளுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. வலது கை பின்பக்கமாக என் பெல்ட்டைப் பிடித்திருக்கிறது. என்னை உருட்டிவிடப் பார்க்கிறாய். விரல் நான்கும் பெல்ட்டுக்குள். முதலிலிருந்து கடைசிவரை பெல்ட்டுக்குள். நான் கையைத் தளர்த்துகிற அந்த நொடியிலும் உள்ளேதான். எத்தனை முறை போட்டுப் பார்த்தேன் தெரியுமா? அம்மா கட்டைவிரல் அந்த இடத்தில் மட்டும் விலகித் தொலைந்திருக்கிறது.

யாரும் தட்டவில்லை.

கீழே பலகையில் பிடிக்கு வினாடி எண்ணுகிற கடிகாரத்தைப் பார்த்தேன். பதினைந்து. பதினைந்தில் என் கை திறக்கிறது.

உனக்கு முதல் ஆபரேஷன் ஆன பிறகு, "ரொம்ப நேரம் மேல கிடக்காதடி, மூட்டு திருகுது, பதினஞ்சு போதும்" என்றாயே. கீழே கிடந்துகொண்டு நீயே எண்ணுவாய். பதிமூணு, பதினாலு, பதினஞ்சு. அப்புறம் ஒரு தட்டு. நான் விட்டுவிடுவேன். தினமும். எத்தனை வருஷம்!

மறுநாள் இல்லத்தின் சாமான் அறையில் ஒரு பழைய மெத்தையைச் சுருட்டிக் கட்டி அதன்மேல் படுத்து அமுக்கினேன். கண்டக்டர் தாத்தா சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, "என்னம்மா, அது உன்ன என்ன பண்ணுச்சு?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "நீங்க கடிகாரத்தப் பாருங்க, மனசுக்குள்ள எண்ணுங்க, இருபது ஆனதும் ரைட் சொல்லுங்க" என்றேன். ரைட் வருவதற்குள் என் கை விட்டுவிட்டது. மறுபடியும் செய்தேன், மறுபடியும் விட்டது. மூன்றாவது தடவை அவரே, "ஏம்மா, ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடியே இறங்கிடறியே" என்றார். அக்கா, என் முதுகில் ஒரு தட்டு விழுகிற மாதிரியே இருந்தது. அறைக்குள் வேறு யாரும் இல்லை, மெத்தைதான் இருந்தது.

நான்தான் விட்டேன். என் இடத்தை நானே விட்டுக் கொடுத்துவிட்டு உன்னைத் திருடி என்றேன்.

இது உனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாது என்று சொல்லாதே. "ஏன் விட்டாய் என்று என்னைக் கேட்காதே" என்று எழுதியது நீதான். ஏன் சொல்லவில்லை? செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று எழுதும் அளவுக்கு நான் உன்னை வதைத்துவிட்டேனா?

பை கட்டியபடி இருக்கிறது. எந்த முகத்தோடு வருவது என்று தெரியவில்லை.

சின்னவள்


ஏப்ரல் 9

சின்னவளே,

முகத்தை விடு. இருக்கிற முகத்தோடு வா. நமக்கு என்ன இன்னொரு முகமா இருக்கிறது?

இந்தக் கடிதத்தைப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். போன புதன்கிழமை முடிந்துவிட்டது. ஸாரி அண்ணனை எறிந்தேன். நல்ல எறி, சுத்தமான எறி, என் வாழ்நாளில் அப்படி ஒன்று வந்ததில்லை. அவர் விழவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டு திரும்பி என் காலின்மேலேயே உட்கார்ந்தார். சத்தம் அறைக்கு வெளியே கேட்டதாம். அவர் ஸாரிகூடச் சொல்லவில்லை, அப்படியே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். நான்தான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று.

ஆபரேஷன் ஆகிவிட்டது. இனி ஜூடோ கிடையாது என்று டாக்டர் சொன்னார். சரி என்றேன். அவர் போன பிறகு போர்வையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்தபின் பசித்தது. நம் உடம்பு அப்படி.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். ஆமாம், தெரியும். பதினைந்தில் உன் கை திறந்ததை உணர்ந்ததுமே தெரியும். அந்த நேரம் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆனாலும் எழுந்து நின்று எறிந்துவிட்டேன். அதற்கப்புறம் நீ "தட்டினாய்" என்று கத்தினாய். அக்கா ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்தால் கோபத்தில் நிமிர்ந்து நிற்பாய். நானேதான் விட்டேன் என்று தெரிந்தால் உட்கார்ந்துவிடுவாய். எனக்கு உன்னைத் தெரியாதா? கோபமாகவே இருந்துவிட்டுப் போ என்று விட்டேன். கடைசியில் என் மூட்டுக்காக அந்தப் பொய்யையும் எழுதினேன். அதில் தியாகம் எல்லாம் ஒன்றும் இல்லை, நீ வர வேண்டும் என்ற சுயநலம்தான்.

பதினைந்து என்றது நான். என் மூட்டைக் காப்பாற்றிக்கொள்ள உனக்கு விடக் கற்றுக்கொடுத்தேன். நீ எறிந்தாலும் விழுந்தாலும் எல்லாம் என் ஆட்டத்துக்காக. உன் ஆட்டம் என்று ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை, மூட்டை நினைத்து இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் இடம் இரண்டாவதாக வந்தவளுக்குப் போகிறது. அது யார் என்று சொல்ல வேண்டுமா? மாஸ்டர் உனக்குப் போன் செய்வார். "பிச்சை வேண்டாம்" என்று வசனம் பேசாதே, உன் வாய் அப்படித்தான் போகும் என்று தெரிந்துதான் முந்திக்கொண்டு எழுதுகிறேன். நான் உனக்கு எதையும் கொடுக்கவில்லை. என்னால் போக முடியாது, அவ்வளவுதான்.

பயிற்சிக்கு ஆள் யார் என்று கேட்பாய். நான் இருக்கிறேன். நிற்க முடியாது, எறிய முடியாது. ஆனால் மல்லாந்து படுத்துக்கொள்ள மூட்டு எதற்கு? காலைக் கட்டுப்போட்டு ஓரமாக நீட்டி வைத்துக்கொள்கிறேன். நூற்றுப்பதினெட்டு கிலோ. மெத்தையைவிட நான் தேவலாம். மேலே விழுந்து அமுக்கு. இருபது வரை.

வருகிறாயா இல்லையா?

பெரியவள்


ஏப்ரல் 14

அக்கா,

வருகிறேன். வியாழக்கிழமை பஸ். உன் கால் அருகில் யாரையும் வரவிடாதே, முக்கியமாக அந்த அண்ணனை.

கண்டக்டர் தாத்தாவிடம் சொல்லிக்கொண்டேன். இனி தன்னை யார் தூக்குவார்கள் என்று அவர் கேட்கவில்லை. "எறங்க வேண்டிய எடத்துல எறங்கு" என்றார். புதிதாக வந்த இரண்டு பெண்களுக்கு அவரைத் தூக்கும் விதத்தைக் காட்டிவிட்டு வந்தேன்.

பதினைந்துக்காக உன்னோடு போட வேண்டிய சண்டை பாக்கி இருக்கிறது. ஜூனுக்கு அப்புறம் போடுகிறேன்.

சின்னவள்


ஜூன் 21

சின்னவளே,

இதை உன் பையில், சாக்ஸுக்கு அடியில் வைக்கிறேன். அங்கே போய்த்தான் பார்ப்பாய்.

முதுகில் தைத்த பெயர்த் துணி என் பழைய உடையிலிருந்து எடுத்தது. புதிதாகத் தைக்க வேண்டியதில்லை, அப்பா பெயர்தானே, இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அம்மா தையலை இரண்டு தடவை போட்டிருக்கிறாள். "இவ முதுகுல யாராவது தட்டினா பிரிஞ்சுடக் கூடாது" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, நாம்தான் ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கடைசி நாள், நம் எடையைக் கடைசி முறையாகத்தான் கூப்பிடுவார்கள். அதுவரை நாற்காலியில் உட்காராதே, இடுப்பு பிடித்துக்கொள்ளும். தரையில் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படு. யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.

ஜெயி என்று சொல்லவில்லை. விடாதே.

பெரியவள்


ஜூன் 28

அக்கா,

போனில் சொல்லியிருக்கலாம். தடுத்து வைத்ததை எப்போதோ எடுத்துவிட்டேனே. ஆனால் நீ அழுதால் நானும் அழுவேன், பக்கத்தில் மாஸ்டர் இருக்கிறார். அதனால் ஓட்டல் தாளில் எழுதுகிறேன். இது வருவதற்குள் நானே வந்துவிடுவேன் போலிருக்கிறது. பரவாயில்லை.

தோற்றதை டிவியில் பார்த்திருப்பாய். இரண்டாவது ஆட்டம், மூன்று எச்சரிக்கை, வெளியே. தாக்கவே இல்லை என்று நடுவர் கை காட்டினார். உண்மைதான். கை தூக்க முடியவில்லை அக்கா. முதல் ஆட்டத்தோடு என்னிடம் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. அவளைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே தூங்கிவிடலாம் போலிருந்தது.

முதல் ஆட்டத்தை டிவியில் பாதியில் வெட்டிப் பக்கத்து மேட் விரிப்பில் நடந்த ஆட்டத்தைக் காட்டிவிட்டார்களாம், அம்மா சொன்னாள். அதனால் அதை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

என்னைவிட இருபது கிலோ கூட இருந்தாள். கதவை மறைத்துக்கொண்டு வருகிற மாதிரி வந்தாள். இரண்டு முறை என்னைத் தூக்கப் பார்த்தாள், இரண்டு முறையும் விழத் தெரிந்ததால் வயிற்றின்மேல் விழுந்து தப்பித்தேன். மூன்றாவது முறை அவள் சறுக்கினாள். மேலே ஏறிவிட்டேன். ஒரு கையை அக்குளில் மாட்டினேன். நீ இரண்டு மாதம் கட்டுப்போட்ட காலோடு எனக்குக் கீழே படுத்துக் கிடந்தாயே, அதே பிடி. நீ எண்ணவில்லை. ஒரு தடவைகூடத் தட்டவில்லை. வலித்திருக்கும், எனக்குத் தெரியும். பல்லைக் கடிக்கிற சத்தம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்போதெல்லாம் எழுந்ததும் நான் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன். மூட்டு ரொம்ப வலித்ததா?

அரைப் புள்ளி எழுந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். அதற்கப்புறம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவள் உருண்டாள், கத்தினாள், என் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். பதினைந்து எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும், கையே சொன்னது. விரல் எல்லாம் திறக்கத் துடித்தது. முதுகில், சரியாக அப்பா பெயர் இருக்கும் இடத்தில், ஒரு தட்டு விழுந்தது. அது யார் தட்டு என்று தெரியும். யாரும் இல்லை. முகத்தை அவள் தோளில் புதைத்துக்கொண்டு இன்னும் அமுக்கினேன்.

இருபது ஆனதும் மணி அடித்திருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. அவள் போராடுவதை விட்டுவிட்டு மல்லாந்து மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று மாஸ்டர் அப்புறம் சொன்னார். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, "போதும்மா, போதும், முடிஞ்சுபோச்சு" என்று கத்தினாராம். அதுவும் கேட்கவில்லை. மறுபடியும் முதுகில் தட்டு விழுந்தது. இரண்டு தட்டு. விடவில்லை. இன்னும் இரண்டு.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். நடுவர் குனிந்து நின்றுகொண்டிருந்தார். அவர் கை என் முதுகில் இருந்தது. அது நிஜமான கை, அக்கா.

அதற்கப்புறம்தான் விட்டேன்.

சின்னவள்